எரோமாங்கா கடற்கரையும் ஏழு பிளாக்குகளும்

சென்ற மாதம் பதினாறாம் தேதி மாலை, ஏழாவது மை ஏறிய தாளை ஊசிகளிலிருந்து கழற்றி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். அலையின் நுரை அலைமேலேயே இருந்தது. ஓங்கிய கையின் பழுப்பு நிறம் கையின் கோட்டுக்குள்ளேயே நின்றது. ஒரு பழைய வண்ண அச்சுமுறையைக் கையால் செய்து பார்த்த ஏழு மாத உழைப்பில் அப்படி அமைந்த முதல் தாள் அதுதான். அதற்கு முன்பு பாழான தாள்கள் ஒரு சாக்குப்பையில் கிடக்கின்றன. இந்தப் பதிவுக்கு அந்தத் தாள்களே கூடுதலாக உதவியிருக்கின்றன.

நான் அச்சிட முயன்றது, ஜார்ஜ் பாக்ஸ்டர் 1841இல் லண்டனில் வெளியிட்ட ஒரு வண்ண அச்சுப்படத்தின் சிறு பகுதியை. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸும் அவருடன் சென்ற ஜேம்ஸ் ஹாரிஸும், இன்று வனுவாட்டு நாட்டில் உள்ள எரோமாங்கா தீவில் 1839 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டதைக் காட்டும் படம் அது. அதற்கு முந்தைய நாள் டான்னா தீவில் வில்லியம்ஸுக்குக் கிடைத்த வரவேற்பைக் காட்டும் இன்னொரு படத்தையும் பாக்ஸ்டர் அதற்கு இணையாக வெளியிட்டார். நாகர்கோவில் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து பழக்கமானது. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே என்ற மிஷனரியை அனுப்பியதும் இதே சங்கம்தான். ஆனால் நான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்காக அல்ல. கையால் வண்ணம் தீட்டாமல், அச்சு இயந்திரத்திலேயே எண்ணெய் மையால் பல வண்ணங்களை ஏற்றி, எளியவர்களும் வாங்கும்படி விற்ற முறை எப்படி நடந்திருக்கும் என்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையே காரணம்.

பாக்ஸ்டர் 1835இல் காப்புரிமை பெற்ற முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் எஃகு அல்லது செப்புத் தகட்டில் குழிவாகச் செதுக்கிய ஒரு மூலத்தகட்டை மங்கலான நிறத்தில் அச்சிடுவார். பிறகு அதன்மேல், வண்ணத்துக்கு ஒன்றாகச் செதுக்கிய மர அல்லது உலோகப் புடைப்பு பிளாக்குகளால், அதாவது மேடான பகுதி மட்டும் மையேற்கும் அச்சுக்கட்டைகளால், எண்ணெய் மைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார். ஒரு படத்துக்குப் பத்து முதல் இருபது பிளாக்குகள் வரை பயன்பட்டன. வில்லியம்ஸ் தென்கடல் தீவுகளைப் பற்றி 1837இல் வெளியிட்ட நூலின் முகப்பிலும் ராரோடோங்கா தீவின் தலைவர் ஒருவரின் படத்தை பாக்ஸ்டர் இதே முறையில் அச்சிட்டிருந்தார். தன் நூலுக்குப் படம் அச்சிட்டவரே நான்கு ஆண்டுகள் கழித்துத் தன் சாவையும் அச்சிடுவார் என்று வில்லியம்ஸ் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

அசல் படம் ஒன்று கையில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்று முடிவுசெய்து, ஓரங்கள் வெட்டப்பட்டு, மேல் மூலையில் நீர்க்கறை படிந்த ஒரு பிரதியை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தேன். கறையின் புண்ணியத்தில் விலை குறைவு. தபால் செலவுடன் ஏறத்தாழ 8,500 ரூபாய் ஆனது. துணிக்கடைக்காரர்கள் நூலிழை எண்ணும் மடக்கு லென்ஸை அதன்மேல் வைத்துப் பார்த்த முதல் இரவிலேயே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். வண்ணங்களுக்கு அடியில் எங்கும் சாம்பல் நிறத்தில் நுண்ணிய மணல்போன்ற புள்ளிப்பரப்பு இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், அதன் பொருளைப் புரிந்துகொள்ளவில்லை.

முழுப்படத்தையும் செய்ய எனக்குத் திறமையும் இல்லை, காலமும் இல்லை. எனவே நீரோரத்தில் விழும் வில்லியம்ஸ், தடி ஓங்கியவர்களில் இருவர், ஓர் அலை, பின்னால் கொஞ்சம் மலையும் வானமும் என்று 12க்கு 16 சென்டிமீட்டர் அளவில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அசலை அப்படியே நகலெடுக்காமல், அதைப் பார்த்துக் கொஞ்சம் எளிமையாக்கி வரைந்துகொண்டேன்.

முதல் தவறு திட்டத்திலேயே இருந்தது. சிவகாசி காலண்டர் படங்களைப் பார்த்தே வளர்ந்த கண் என்னுடையது. வண்ண அச்சு என்றால் ஒளியும் நிழலும் வண்ணங்களில்தான் இருக்கும், கறுப்பு கடைசியில் வந்து கோட்டைத் திருத்தும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. ஆகவே முதல் செப்புத்தகட்டில் வெறும் கோடுகளை மட்டும் ரசாயன நீரால் அரித்தேன். ஏழு பிளாக்குகளில் ஐந்தை வெட்டி, நான்கு வண்ணங்களை ஏற்றியபோது கிடைத்தது குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகத்திலிருந்து கிழித்த பக்கம்போல் இருந்தது. அலைக்கு ஒரு பச்சை, மணலுக்கு ஒரு மஞ்சள், உடலுக்கு ஒரு பழுப்பு. எதற்கும் உடல்கனம் இல்லை. அசலை மறுபடி லென்ஸின் கீழே வைத்து, ஓர் ஓரத்தில் வண்ணம் சற்று விலகியிருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். அங்கே வண்ணம் இல்லாமலேயே அலைக்குப் பள்ளமும் மேடும் இருந்தன. படத்தை முழுவதும் தாங்குவது அந்தச் சாம்பல் தகடுதான். வண்ணங்கள் அதன்மேல் போர்த்திய மெல்லிய துணி. இது புரிய எனக்கு இரண்டு மாதமும் இருபத்து நான்கு தாளும் செலவாயின.

இரண்டாவது தகட்டை, நுண்புள்ளிகளால் ஒளியும் நிழலும் தரும் அக்வாடின்ட் முறையில் செய்தேன். பாரிமுனையில் 1.2 மில்லிமீட்டர் கனச் செப்புத்தகட்டை எடைக்கு வாங்கி, 15க்கு 20 சென்டிமீட்டராக வெட்டினால் ஒரு கிலோவில் மூன்று துண்டு கிடைக்கும். அதற்கு 1,050 ரூபாய் கொடுத்தேன். அரிப்பதற்கான பெர்ரிக் குளோரைடை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் பலகை செய்பவர்கள் வாங்கும் கடையில் அரைக் கிலோப் பொட்டலமாக வாங்கினேன். ரோசின் என்ற மரப்பிசினை அம்மியில் நுணுக்கி, பழைய பனியன் துணியில் இரண்டு மடிப்பாகக் கட்டி, தகட்டின்மேல் தட்டித் தட்டித் தூவினேன். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. மின்விசிறியை அணைக்காமலும் செய்யக் கூடாது. இரண்டாவதை நான் ஒரு முறை மறந்தேன், தூவியது முழுவதும் பக்கத்து அலமாரியில் படிந்தது.

தூவிய தகட்டை அடியிலிருந்து சூடாக்கும்போது ரோசின் மணிகள் ஒவ்வொன்றும் உருகித் தகட்டில் ஒட்ட வேண்டும், ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்துவிடக் கூடாது. சாய்வாகப் பார்த்தால் வெள்ளைத் தூள் திடீரென்று கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு கணம் வரும். அந்தக் கணத்திலேயே அடுப்பை அணைத்துத் தகட்டை எடுத்துவிட வேண்டும். முதல் முயற்சியில் இன்னும் பத்து விநாடி இருக்கட்டும் என்று விட்டேன். மணிகள் எல்லாம் கலந்து ஒரே மெழுகுப்படலமாகிவிட்டன. அரிப்பு நீர் எங்கும் இறங்கவில்லை. அந்தத் தகட்டை ஸ்பிரிட்டால் கழுவி மறுபடியும் தொடங்கினேன்.

அரிப்பை ஐந்து கட்டமாகப் பிரித்தேன். நுரையும் வானத்தின் ஒளிமிக்க பகுதியும் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதால் அவற்றை முதலிலேயே அரக்கு வார்னிஷால் மூடினேன். பிறகு ஒன்றரை நிமிடம், மூன்று நிமிடம், ஆறு நிமிடம், பன்னிரண்டு நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்று ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் போதுமான அளவு இருண்ட இடங்களை மூடிக்கொண்டே போனேன். மலையின் நிழலுக்கும் தடிகளின் அடிப்பக்கத்துக்கும் மட்டும் கடைசிக் குளியல் தேவைப்பட்டது. தகட்டின் பின்புறத்தைப் பார்சல் ஒட்டும் டேப்பால் மூடியிருந்தேன். ஒரு மூலையில் டேப் விட்டுப்போய்ச் செம்பு அரிக்கப்பட்டது, படத்துக்குச் சேதமில்லை. வலது இடது மாற்றி வரைய வேண்டும் என்பதை மறந்து, விழுபவரை எதிர்ப்பக்கம் விழவைத்த தகடும் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

முதல் சோதனை அச்சைக் கறுப்பு மையில் எடுத்தேன், பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அதன்மேல் வண்ணம் ஏற்றியதும் எல்லாம் சேறாகியது. பச்சை, பாசிபிடித்த பச்சையானது. மணல், நனைந்த சாக்கின் நிறமானது. அசலில் தகடு சாம்பலில் இருந்ததற்குக் காரணம் அங்கேதான் தெரிந்தது. கறுப்பு ஒரு பங்கு, வெளிறிய பழுப்பு ஒரு பங்கு, நிறமற்ற கலவை மை மூன்று பங்கு என்று கலந்தபோது, தனியாகப் பார்த்தால் உப்புச்சப்பற்ற, ஆனால் வண்ணத்துக்கு இடம்கொடுக்கும் ஓர் அச்சு கிடைத்தது.

இனி ரிஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது. ஏழு மாதத்தில் நான்கு மாதத்தை இதுவே விழுங்கியது.

புடைப்பு பிளாக்குகளை அச்சிட, திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் இருக்கும், காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு இயந்திரத்தை மணிக்கு 300 ரூபாய் வாடகைக்குப் பேசியிருந்தேன். அந்த இயந்திரம் இப்போது அழைப்பிதழ் அட்டைகளுக்கு மடிப்புக்கோடு போடவும் பஞ்ச் வெட்டவும்தான் ஓடுகிறது. அதை ஓட்டும் பெரியவர் பதினான்கு வயதில் கம்போசிங், அதாவது அச்செழுத்து கோக்கும் வேலை, பழகியவர், அந்த எழுத்துகளைக் கடைசியாக எடைக்குப் போட்டவரும் அவரே. டிரெடிலில் அச்செழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீட்டர். என் பிளாக்குகள் 3.2 மில்லிமீட்டர் லினோலியத்தை 19 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டியவை என்பதால் 22.2தான் வந்தன; மீதி 1.1 மில்லிமீட்டருக்கு அடியில் அட்டை வைத்தேன். பாக்ஸ்டர் வழியில் செதுக்கு மரம் பயன்படுத்தாமல் லினோலியத்தை எடுத்தது என் இயலாமை. இழைக்குக் குறுக்கே அறுத்த கெட்டி மரத்தில் நுண்மையாகச் செதுக்கும் பயிற்சி எனக்கு இல்லை.

முதல் சுற்றில், செப்புத்தகட்டின் அளவையே பிளாக்குகளுக்கும் வைத்திருந்தேன். எவரும் அப்படித்தான் வைப்பார்கள் என்று தோன்றும். படத்தின் நடுவில் வண்ணம் சரியாக உட்கார்ந்தது. இரு ஓரங்களுக்கும் போகப்போக விலகியது. இடப்பக்கத்தைச் சேர்த்தால் வலப்பக்கம் போனது. சேஸ் என்ற இரும்புச் சட்டத்துக்குள் பிளாக்கை ஒரு பக்கம் நகர்த்துவதும், அதை இறுக்கும் குவாயின் ஆப்பை முடுக்குவதும், அச்செடுப்பதும், திரும்ப நகர்த்துவதுமாக ஒரு நாள் முழுவதும் போனது. மாலையில் பெரியவர் வந்து தாளை வாங்கினார், படத்தைப் பார்க்கவில்லை, தாளை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

“தம்பி, இத நனைச்சா அச்சடிச்சீங்க?”

“ஆமாங்கய்யா. செப்புத் தகட்டுக்கு ஈரத்தாள்தான் வேணும். இல்லேன்னா குழியில இருக்கிற மைய அது எடுக்காது.”

“அப்ப அது வளந்திருக்கும்ல. காஞ்சதும் சுருங்கிப்போச்சு. நீங்க வளந்த தாளுக்குச் சட்டை தைச்சுட்டு, சுருங்கினதுக்குப் போட்டுப் பாக்குறீங்க.”

வீட்டுக்கு வந்து எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். தகட்டில் 160 மில்லிமீட்டராக இருந்த நீளம், உலர்ந்த தாளில் 158.1 ஆக இருந்தது. 120 மில்லிமீட்டர் அகலம் 119.4 ஆகியிருந்தது. தாளின் நார் அகலவாக்கில் ஓடியதால், நாருக்குக் குறுக்காக இருந்த நீளம் கூடுதலாகச் சுருங்கியிருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். படத்தில் ஒரு விரலின் பருமன் அவ்வளவுதான்.

எனவே இரண்டாவது சுற்றில், வெட்டும்போதே தாள்கள் எல்லாவற்றிலும் நார் ஒரே திசையில் ஓடும்படி பார்த்துக்கொண்டேன். 56க்கு 76 சென்டிமீட்டர் கொண்ட 250 கிராம் பருத்தித்தாள் ஒன்றிலிருந்து எட்டுத் துண்டு வரும். மூலத்தகட்டை இருபத்து நான்கு தாளிலும் அச்சிட்டு, ஒற்றுத்தாள்களுக்கிடையே மூன்று நாள் கனத்தின் கீழே வைத்து உலர்த்தினேன். உலர்ந்த அச்சில் சராசரியாக இருந்த ஒன்றைத் தேர்ந்து ஸ்கேன் செய்து, லேசர் பிரின்டரில் எடுத்து, தின்னர் தடவி லினோலியத்தில் மாற்றினேன். லேசர் பிரின்டரும் தாளைச் சுடுவதால் கொஞ்சம் சுருக்குகிறது. 158.1 வர வேண்டியது 157.6 வந்தது, 100.3 சதவீதம் என்று அமைத்த பிறகு சரியானது. இதை அளக்காமல் விட்டிருந்தால் ஏழு பிளாக்கும் மறுபடி வீணாகியிருக்கும்.

தாளை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைப்பதற்கு பாக்ஸ்டர் ஊசிமுனைகளைப் பயன்படுத்தினார். நானும் அதையே செய்தேன். மூலத்தகட்டை அச்சிடும்போதே, படத்துக்கு வெளியே நீளவாக்கில் இரு முனைகளிலும் ஒவ்வொரு துளை விழும்படி செய்து, டிரெடிலில் தாள் படியும் டிம்பன் உறையில், உலர்ந்த தாளில் அத்துளைகளுக்கு இருக்கும் இடைவெளியில் இரண்டு தையல் ஊசிகளை நட்டேன். துளைகள் ஈரத்தாளில் விழுந்ததால் அவையும் தாளோடு சேர்ந்து சுருங்குகின்றன, அது நல்லதே. ஆனால் ஊசி எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தே சேஸில் பர்னிச்சர் என்ற இடைவெளி நிரப்பும் கட்டைகளை அடுக்க வேண்டும். நான் பார்க்காமல் முதல் முறை இயந்திரத்தை மிதித்தபோது ஊசி கட்டையில் மோதி, ஒன்று வளைந்தது, மற்றொன்று தெறித்து எங்கோ விழுந்தது. அது கண்ணில் படாமல் போனது எங்கள் நல்லூழ். பெரியவர் அதற்குப் பிறகு மிதிகட்டையை என்னிடம் கொடுக்கவில்லை. நான் தாளை மட்டும் மாட்டினேன்.

மூன்று வண்ணத்துக்குப் பிறகு துளைகள் விரிந்தன. அரை மில்லிமீட்டர் துளை ஒரு மில்லிமீட்டர் ஆனால் மற்ற உழைப்பு எல்லாம் வீண். தாளின் பின்புறம் துளையைச் சுற்றி அலுமினிய ஒட்டுப்பட்டைத் துண்டை ஒட்டி, அதில் புதிதாகத் துளையிட்ட பிறகு விரிவது நின்றது. இதை முதல் நாளே ஒட்டியிருக்க வேண்டும். ஈரத்தாளில் ஒட்டாது என்பதால், உலர்ந்த உடனே, முதல் வண்ணத்துக்கு முன்பு, பழைய துளையின் நடுவைப் பார்த்து ஒட்ட வேண்டும்.

வண்ணங்களை வெளிறியதிலிருந்து இருண்டதற்கு ஏற்றினேன். நுரையைத் தவிர எங்கும் ஒரு வெளிறிய மணல்நிறம், வானத்துக்கு நீலம், வில்லியம்ஸின் முகத்துக்கும் கைக்கும் ஓர் இளஞ்சிவப்பு, கடலுக்கு நீலப்பச்சை, மலைக்குப் பச்சை, தீவுக்காரர்களின் உடலுக்குப் பழுப்பு, கடைசியில் நிழல்களுக்கு ஒரு சாம்பல் நீலம். ஆப்செட் மைகளை நிறமற்ற கலவையில் பாதிக்குப் பாதி நீர்த்தேன். மூலத்தகட்டின் புள்ளிகள் வண்ணத்தின் ஊடே தெரியும் அளவுக்கு மை மெல்லியதாக இருக்க வேண்டும்.

பிளாக்குகளை எண்ணும்போதே ஒன்றைக் கவனித்தேன். வில்லியம்ஸ் ஒருவருக்காக ஒரு தனி பிளாக். அவரைத் தாக்கும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பிளாக், ஒரே மை. செலவைக் குறைக்க நான் எடுத்த முடிவு அது. அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் அச்சான பிறகு அவர்கள் தனித்தனி மனிதர்களாகத் தெரியவில்லை, ஒரு பழுப்புக் கூட்டமாகத் தெரிந்தார்கள். மை உலரக் காத்திருந்த நாட்களில் அந்தக் கரையின் கதையைப் படித்தேன். பீட்டர் டில்லன் என்பவர் 1825இல் எரோமாங்காவில் சந்தனமரம் இருப்பதைக் கண்டறிந்த பிறகு, அதை வெட்டிக்கொண்டுபோக வந்த கப்பல்காரர்களால் தீவில் ரத்தம் சிந்தியிருந்தது. அந்த நினைவு ஆறாத கரையில்தான் வில்லியம்ஸின் படகு வந்து ஒதுங்கியது. அவரோடு கரையேறிய துணைத் தூதர் கன்னிங்காம் படகுக்கு ஓடித் தப்பினார். வில்லியம்ஸ் கடலை நோக்கி ஓடி, செங்குத்தான கல் கரையில் தடுக்கி விழுந்தார் என்று படகிலிருந்து பார்த்த கேப்டன் மோர்கன் சொல்லியிருக்கிறார். சந்தனக்கட்டை எந்த பிளாக்கிலும் இல்லை. 2009இல் வில்லியம்ஸின் வழித்தோன்றல்கள் அத்தீவுக்குச் சென்று, தீவு மக்களோடு ஒப்புரவுச் சடங்கில் கலந்துகொண்டார்கள். அந்த விரிகுடாவுக்கு வில்லியம்ஸ் விரிகுடா என்று பெயர் வைக்கப்பட்டது. பழுப்பு பிளாக்கை நான் மாற்றவில்லை, ஆனால் முகங்களைச் செதுக்கும்போது அவசரப்பட்டுவிட்டேன் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

கார்த்திகை மழை அடுத்த பாடத்தைக் கொண்டுவந்தது. காற்றில் ஈரம் கூடி மை உலரவில்லை என்பதால், முதல் மூன்று வண்ணங்களில், மையை விரைவில் உலர்த்தும் டிரையரை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சேர்த்தேன். பிறகு மழையில் தெருவில் தண்ணீர் நின்று, ஒன்பது நாள் அச்சகத்துக்குப் போக முடியவில்லை. பத்தாம் நாள் கடல் பச்சையை ஏற்றினால், மணல்நிறத்தின்மேல் அது உட்காரவே இல்லை; தாமரை இலையில் தண்ணீர்போலத் துளித்துளியாகச் சுருண்டு நின்றது. பெரியவர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, “கண்ணாடியாயிடுச்சு” என்றார். மை அளவுக்கு மீறிக் காய்ந்து மேற்பரப்பு வழவழப்பாகிவிட்டால் அடுத்த மையை ஏற்காது என்று பொருள். உடற்பயிற்சிக்கூடத்தில் கையில் தடவும் மெக்னீசியம் கார்பனேட் தூளைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் தேய்த்து, வழவழப்பைப் போக்கி மறுபடி அச்சிட்டோம். இருபத்து நான்கில் பதினான்கு தேறின. அதன் பிறகு டிரையரைத் தொடவே இல்லை. ஒரு வண்ணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு நாள் அல்லது மூன்று நாள், அதற்கு மேல் விடவில்லை.

மழைநாளில் தாளும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. தாள்களை ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, அச்சிட்ட உடனே அடுக்கில் வைத்தபோது விலகல் பாதியாகக் குறைந்தது. மலைப்பச்சை சில இடங்களில் வெளிறி விழுந்ததற்கு, டிம்பனுக்கு அடியில் அந்த இடங்களில் மட்டும் டிஷ்யூ தாளைக் கிழித்து ஒட்டிப் பெரியவர் மேக்ரெடி, அதாவது அழுத்தத்தைச் சீராக்கும் வேலை, செய்தார். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் கோடாக அச்சில் தெரியும், கையால் கிழித்தால் தெரியாது. இந்த ஒரு வேலையை அவர் செய்ததைப் பார்த்ததற்கே வாடகை தகும்.

செலவைக் கூட்டினால், அசல் பிரதி நீங்கலாக, செம்பு 1,050, அரிப்பு உப்பு 360, லினோலியமும் பிளைவுட்டும் 1,400, தாள் 1,320, மைகள் 1,150, டிரெடில் வாடகை இருபத்திரண்டு மணி நேரத்துக்கு 6,600, சில்லறைகள் 700 என்று 12,580 ரூபாய் ஆனது. தேறிய தாள்கள் பதினொன்று. அவற்றிலும் 0.3 மில்லிமீட்டருக்குள் எல்லா வண்ணமும் சேர்ந்தவை மூன்றுதான். பாக்ஸ்டர் இதைப் போன்ற படங்களை விற்பனைக்குப் பெருமளவில் அச்சிட்டார் என்பதை நினைத்தால், அவருடைய அச்சகத்தில் தாளை மாட்டிய கைகளின்மேல் எனக்கு வரும் மரியாதை, படத்தின்மேல் வரும் மரியாதையைவிடக் கூடுதல்.

அடுத்த முறை மாற்றப் போவது மூன்று. மூலத்தகட்டின் சாம்பலில் பழுப்புக்குப் பதிலாகத் துளி நீலம் சேர்ப்பேன். என் வானம் இப்போது மங்கிக் கிடக்கிறது. பெரிய பரப்புள்ள மணல்நிற பிளாக்கை லினோலியத்தில் வெட்டாமல் துத்தநாகத்தில் செய்வேன், ஏனெனில் இருபது அழுத்தத்துக்குப் பிறகு லினோலியத்தின் ஓரம் சற்று நசுங்கி வெளியே தள்ளுகிறது. தாக்குபவர்களுக்கு இரண்டு பழுப்பு பிளாக்குகள், ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு முழு மாலை நேரம். கையில் மூன்றாவது செப்புத்துண்டு இன்னும் இருக்கிறது. மறந்துபோய் எதிர்ப்பக்கம் அரித்த தகட்டையும் அதன் பின்புறத்தைத் தேய்த்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூன்று நல்ல தாள்களில் ஒன்றைப் பெரியவருக்குக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். விழுபவரின் மணிக்கட்டில் நகத்தை வைத்து, “இங்க அரைப் பாயின்ட் தள்ளியிருக்கு தம்பி” என்றார். பாயின்ட் என்பது அச்சுக்காரர்களின் நுண்ணிய அளவு. அளந்து பார்த்தேன், அரைப் பாயின்டுக்கும் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. தை பிறந்ததும் இயந்திரம் இரண்டு வாரம் காலியாக இருக்குமாம், நாள் சொல்லியிருக்கிறார்.